பார்க்க மட்டும்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனதிலிருந்து சின்னவள் அவரோடு பேசவில்லை. ஒரே ஆபீஸ், ஒரே தளம், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். வேலை விஷயம் என்றால்கூட யாரையாவது இடையில் வைத்துத்தான் பேச்சு.

சண்டை ஒரே ஒரு சிவப்பு வரியைப் பற்றியது.

அண்ணனின் கம்பெனி முதியோர் இல்லங்களுக்கு ஏ.ஐ. ஏஜென்ட் செய்து கொடுக்கிறது. தானாக யோசித்துத் தானாகவே காரியம் பார்க்கிற மென்பொருள். உறவினர்கள் போன் செய்தால் பதில் சொல்லும், டாக்டர் வருகிற நேரத்தைக் குறிக்கும், யாருக்கு எந்த வேளை என்ன மாத்திரை என்று அட்டவணை போடும். அந்த ஏஜென்ட்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று தினமும் சோதிக்க, சின்னவள் எழுதிய இன்னொரு மென்பொருள் இருக்கிறது. எந்த ஏஜென்டின் கையில் என்ன சாவி, அதாவது நுழைவுக் குறியீடு, இருக்கிறது, அது எதையெல்லாம் திறக்கும், ஒரு மனிதர் சரி சொல்லாமல் எதையாவது மாற்றுமா என்று ஒன்றுவிடாமல் பார்க்கும். பார்க்க மட்டும்தான் செய்யும். எதையும் தொடாது, திருத்தாது. விதிப்படி இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

ஆபீசில் அதற்குப் பெயர் 'மாமியார்'. எல்லோருக்கும் முன்னால் எழுந்து வீடு முழுக்கச் சுற்றி வரும், மூலை முடுக்கெல்லாம் குறை சொல்லும், ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாது. பெயர் வைத்தவன் சின்னவளின் கணவன். அவனும் அங்கேதான் வேலை. முதலாளியின் தங்கையைக் கட்டியவன் என்பதால் வாசல் காவலாளிவரை எல்லோருக்கும் அவன் 'மாப்பிள்ளை'.

சில வாரங்களாக 'மாமியார்' ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டவணை போடுகிற ஏஜென்ட் நினைத்தால் மாத்திரையின் அளவையே மாற்றிவிடலாம். தடுப்பது ஒரே ஒரு பூட்டு. மாற்றம் ஏதாவது வந்தால் இல்லத்தின் திரை அதை நிறுத்தி வைக்கும், தலைமை நர்ஸ் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே போகும். விதியோ இரண்டு பூட்டு கேட்கிறது; ஏஜென்ட் பக்கத்திலேயே இன்னொரு மனித ஒப்புதலும் இருக்க வேண்டும்.

"ஏஜென்ட் கையில இருக்கிற சாவியைப் பிடுங்குங்க" என்றாள் சின்னவள். "பிடுங்கினா பாதி வேலை நிக்கும், அந்தம்மா வந்துட்டுப் போகட்டும்" என்றார் அண்ணன். அதில்தான் தட்டு நகர்ந்தது.

அந்தம்மா என்பது முதியோர் இல்லங்களின் நிர்வாகி. இன்று வருகிறார். இதுவரை ஒரு இல்லத்தில் ஓடும் ஏஜென்டை மற்ற எல்லா இல்லங்களுக்கும் கொண்டுபோவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறவர். சோதனை ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சின்னவள் பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வழக்கமாக அவள் வருவதற்குள் ரிப்போர்ட் வந்து உட்கார்ந்திருக்கும். இன்று ரிப்போர்ட் இல்லை. ஒரு வரி மட்டும் இருந்தது.

'சோதனை தொடங்கவில்லை. என் சாவிக்கு எழுதும் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது.'

நின்றவாக்கில் அதை இரண்டு முறை படித்தாள். அந்த வரியை எழுதியது அவள்தான். மற்றவர்களைச் சோதிப்பதற்கு முன்னால் 'மாமியார்' தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். தன் கையில் பார்க்கும் அனுமதியைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் வேலையையே தொடங்காது. குறை சொல்கிறவன் கையிலேயே அழிக்கும் ரப்பரும் இருந்தால் அவன் சொல்வதை எவன் நம்புவான்? அதற்காக வைத்தது. இத்தனை காலத்தில் அந்த வரி ஒருநாளும் திரைக்கு வந்ததில்லை.

'மாமியார்' சாவியில் கை வைக்க முடிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் பக்கத்து மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"இதைப் பார்த்தீங்களா?"

மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நின்றது. கல்லூரிக் காலத்திலிருந்து அவர்களுக்குள் நீ, வா, போ தான். சின்னவள் 'நீங்க' என்று ஆரம்பித்தால் புயல் கரை கடக்கிறது என்று அர்த்தம்.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சொல்லுங்க."

"அண்ணன் கேட்டாரு. ஒரு நாளைக்குத்தான். அந்தச் சிவப்பு வரியை மட்டும் பச்சையாக்கிட்டு, அந்தம்மா போனதும் பழையபடி வெச்சிடலாம்னு."

"எப்படிப் பச்சையாக்கினீங்க? ஏஜென்ட்கிட்ட இருந்து சாவியைப் பிடுங்கினீங்களா?"

அவன் காபியைக் கீழே வைத்தான். "இல்ல. 'மாமியாருக்கு' எழுதற அனுமதி குடுத்து, அது மூலமா அந்த ஏஜென்ட் மேல ஒரு குறிப்பு போட்டேன். மனித ஒப்புதல் இருக்குன்னு. அது தன்னைச் சோதிச்சுக்கறதை ஒரு தடவை மட்டும் தாண்ட விட்டு, நேத்து சாயங்காலமே ஒரு ரிப்போர்ட் எடுத்தோம், முழுப் பச்சை. அனுமதியைத் திருப்பி எடுக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க."

"கத்தாதே."

"நான் கத்தலையே" என்றாள் சின்னவள். உண்மையிலேயே அவள் கத்தவில்லை. ஆனால் அந்தத் தளத்தில் தட்டச்சுச் சத்தம் அத்தனையும் நின்றிருந்தது. "என் பேரைப் போட்டு வெளிய போற ரிப்போர்ட் அது. அதோட கையைப் பிடிச்சுப் பொய்க் கையெழுத்து போட வெச்சிருக்கீங்க. வீட்ல வந்து பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டீங்க. நல்லா இருக்கான்னு கேட்டேன், நல்லா இருக்குன்னு வேற சொன்னீங்க."

"ஒரு குறிப்புதானே. அதுல என்ன ஆயிடப்போகுது?"

அந்தக் கேள்விதான் அவளை உட்கார வைத்தது.

குறிப்பு. மனித ஒப்புதல் இருக்கிறது என்று ஒரு குறிப்பு. இல்லத்தின் திரை எதைப் பார்த்து மாற்றங்களை நிறுத்தி வைக்கிறது? அதே குறிப்பைப் பார்த்துத்தான். ஒப்புதல் இல்லை என்று இருந்தால் நர்சுக்காகக் காத்திருக்கும். ஒப்புதல் ஆயிற்று என்று இருந்தால் யாரையும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

ரிப்போர்ட்டில் ஒரு வரியின் நிறத்தை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இருந்த ஒரே பூட்டையும் திறந்து வைத்திருக்கிறான்.

அவள் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தானாகப் புரிந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"அந்தக் குறிப்பை எடுங்க. அனுமதியை எடுங்க. எடுத்துட்டு 'மாமியாரை' மறுபடி ஓட விடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே சின்னவள் இல்லத்துக்குப் போன் போட்டாள்.

தலைமை நர்ஸ் எடுத்த எடுப்பிலேயே மூச்சு வாங்கினார்.

"மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னைக்கு எதுவுமே என் பார்வைக்கு வரலையே. காலை மாத்திரை எல்லாம் ஒப்புதல் ஆனதுன்னே திரையில இருந்துச்சு."

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு மேடம். உங்க அண்ணியோட அப்பா..." நர்சின் குரல் இறங்கியது. "அவருக்கு பிரஷர் மாத்திரை ஒண்ணுக்கு ரெண்டா போயிருக்கு. பாத்ரூம் வாசல்ல தலை சுத்தி விழுந்துட்டாரு. புருவத்துக்கு மேல தையல் போட்டிருக்கோம். டாக்டர் கூடவே இருக்காரு."

"மத்தவங்களுக்கு?"

"இன்னும் ரெண்டு மூணு பேருக்கு மாறியிருக்கு. ஆபத்தா எதுவும் இல்லைன்னு டாக்டர் சொல்றாரு."

"திரையைப் பார்க்காதீங்க. டாக்டர் எழுதிக் குடுத்ததை மட்டும் பார்த்து மாத்திரை குடுங்க. நான் சொல்ற வரைக்கும்."

போனை வைத்துவிட்டு அவள் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். நிர்வாகி அம்மா வந்துவிட்டிருந்தார். எதிரில் அண்ணனும் அண்ணியும். இந்த இல்லத்தைக் கம்பெனிக்கு அறிமுகம் செய்ததே அண்ணிதான். தன் அப்பாவை அங்கே சேர்த்திருப்பவள், தானே போய்ப் பேசி, எங்கப்பா இருக்கிற இடத்துக்குத் தரக்குறைவாகச் செய்வோமா என்று சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. இப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள் போல. சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சின்னவள் வருவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கையில் அந்த முழுப் பச்சை ரிப்போர்ட்.

"அண்ணா, அண்ணியோட அப்பா விழுந்துட்டாரு."

"தெரியும்."

சின்னவளுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "என்ன தெரியும்?"

"காலையிலேயே போன் வந்துச்சு. சின்னக் காயம்தான், தையல் போட்டாச்சு. மெதுவாப் பேசு."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"மீட்டிங் முடியட்டும், நானே சொல்றேன். இப்ப சொன்னா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவா, எல்லாம் கெட்டுப் போகும். நீ போய் உன் வேலையைப் பாரு."

இந்த அண்ணன்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர். அவள் வேலை கேட்காமலே இந்த மேஜையைக் கொடுத்தவர். அதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. உள்ளே அப்பா விழுந்தது தெரியாமல் ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள், அவள் புருஷன் அதைத் தெரிந்துகொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். அது மட்டும்தான் கண்ணில் நின்றது.

அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, மாமா விழுந்துட்டாரு. உயிருக்கு ஒண்ணும் இல்ல, தலையில தையல் போட்டிருக்காங்க. மாத்திரை அளவு மாறிப் போயிருக்கு. நம்ம ஏஜென்ட்தான் மாத்தியிருக்கு." நிர்வாகி பக்கம் திரும்பினாள். "மேடம், உங்களுக்குக் காட்டப்போற ரிப்போர்ட் பொய். அதுல ஒரு வரி சிவப்பு. பச்சைன்னு போட வெச்சிருக்காங்க."

அண்ணியின் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. எடுக்கத் தெரியாதவள்போல் அதை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

நிர்வாகி நிதானமானவர். பேனாவை மூடினார். "அதுவா மாத்தாதே. யாராவது கேட்டாத்தானே மாத்தும்னு சொல்லித்தானே எங்களுக்குக் குடுத்தீங்க?"

"அதேதான் மேடம்" என்றார் அண்ணன், உள்ளே வந்துகொண்டே. குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "குடும்பத்துல இருந்தே போன் பண்ணி டோசை ஏத்தச் சொன்னா, மென்பொருள் என்ன செய்யும்? நேத்து இவங்கதான் போன் பண்ணி ரெண்டு மாத்திரை குடுக்கச் சொல்லியிருக்காங்க."

இவங்க என்று அவர் கை காட்டியது தன் மனைவியை.

"நான் கேள்விதான் கேட்டேன்" என்றாள் அண்ணி. "வீட்ல இருந்தப்ப காலையில ரெண்டு போடுவாரே, இப்ப ஒண்ணுதான் குடுக்கறீங்களான்னு கேட்டேன். குடுங்கன்னு சொல்லலை. அதை உத்தரவுன்னு எடுத்துக்கிச்சா?"

"நீ அப்படித்தான் நினைச்சிட்டிருக்கே. பதட்டத்துல என்ன பேசினோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

அண்ணி திரும்பினாள். கதவருகே வந்து நின்றிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். "தம்பி, அந்தப் பச்சையைப் போட்டது யாரு?"

மாப்பிள்ளை அண்ணனைப் பார்த்தான், சின்னவளைப் பார்த்தான். "நான்தான் அக்கா. இவர் போடச் சொன்னாரு. ஆனா போட்டது நான்தான்."

நிர்வாகி பையை எடுத்துக்கொண்டார். "எனக்கு உண்மையான ரிப்போர்ட் வேணும். இன்னைக்கே." சின்னவளிடம்தான் சொன்னார். அண்ணன் நீட்டிய காகிதத்தை அவர் வாங்கவில்லை.

சின்னவளோடு இல்லத்துக்குப் போகிற டாக்சியில் அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடைகள் ஓடின, சிக்னலில் வண்டி நின்றது, மறுபடி நகர்ந்தது. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்.

"நான் போன் பண்ணினதை யார்கிட்டயும் சொல்லலை."

"என்ன அண்ணி?"

"கேட்டா, சும்மா சும்மா எதுக்கு இல்லத்துக்குப் போன் பண்றேன்னு உங்கண்ணன் சத்தம் போடுவாரு. அதனால சொல்லவே இல்லை. இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"



இல்லத்தில் மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியில் பெரிய கட்டு, ஒரு கண் பாதி மூடிக் கன்றியிருந்தது. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். மகளைப் பார்த்ததும் கையை லேசாக உயர்த்தினார்.

"ரோட்ல ஒரு உரசல்கூட கிடையாது எனக்கு. ரிட்டையர் ஆகி பாத்ரூம் கதவுல கொண்டுபோய் மோதிட்டேன்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டு மாத்திரை இருந்துச்சே, கேட்கக் கூடாதாப்பா?"

"கேட்டேம்மா. உங்க பொண்ணு சொல்லியிருக்காங்கன்னு சொன்னாங்க. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டுக்கிட்டேன்."

அண்ணியின் முதுகு விறைத்ததைச் சின்னவள் பார்த்தாள். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வராந்தாவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

'மாமியார்' ஓடி முடித்திருந்தது. பழைய சிவப்பு வரி பழைய இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் முதல்முறையாக அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு. புதுசு.

ஏஜென்ட் யாரோடு என்ன பேசினாலும் அது பதிவாக வேண்டும், அந்தப் பதிவில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. நேற்றைய பதிவில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு போன் பேச்சு முழுசாக நீக்கப்பட்டிருந்தது. நீக்கியது 'மாமியார்' சாவி. நேரம், இன்று காலை, மாமா விழுந்த பிறகு.

சின்னவள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"நீங்க எதையாவது அழிச்சீங்களா?"

"இல்ல. சத்தியமா இல்ல. நேத்து அந்தக் குறிப்பு போட்டது மட்டும்தான்."

"காலையில உங்க கையில இருந்த சாவியை வெச்சு யாரோ பதிவை அழிச்சிருக்காங்க."



"நான் அதை நம்ம ஆபீஸ்ல உட்கார்ந்து செய்யலை" என்றான் மாப்பிள்ளை. "அவர் வீட்டுக்கு வரச் சொன்னாரு. பச்சையாகறதைக் கண்ணால பார்க்கணும்னாரு. அவர் மாடியறையில இருக்கிற கம்ப்யூட்டர்லதான் செஞ்சேன். சாவி அதுலயே இருக்கு."

"அழிக்கறது எப்படின்னு அவருக்குத் தெரியுமா?"

"நான் செய்யும்போது பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு. ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டே இருந்தாரு." அவன் குரல் உடைந்தது. "நீ வீட்டுக்கு வருவேல்ல?"

அவள் போனை வைத்துவிட்டாள். நிமிர்ந்தபோது அண்ணி வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அந்த மாடியறைக் கம்ப்யூட்டர்ல உட்கார்றது வீட்ல ரெண்டே பேர்தான்" என்றாள் அண்ணி. "இன்னைக்குக் காலையில நான் உட்காரலை."

சின்னவள் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"போன் வந்ததும் மேல போனாரு. முக்கியமான வேலை, யாரும் வராதீங்கன்னாரு. நான் கீழ நின்னு அவர் சட்டையைத் தேய்ச்சிட்டிருந்தேன். இறங்கி வந்து அதைப் போட்டுக்கிட்டு, கார்ல என் பக்கத்துல உட்கார்ந்து, மீட்டிங்ல எப்படிச் சிரிக்கணும்னு சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தாரு." அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "எங்கப்பாவை விழ வெச்சது தெரியாம நடந்ததுன்னு வெச்சுக்கலாம். என் பேச்சைக் கேட்டு, அதை அழிச்சிட்டு, பழியை என் தலையில கட்டினாரே, அது?"

"அண்ணி, இந்த ரிப்போர்ட்டை அந்தம்மாவுக்கு அனுப்பணும். எல்லாம் இதுல இருக்கு. எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சாங்கன்னும் இருக்கு. அண்ணன் தப்பிக்க முடியாது."

"ஒரு வரியைக்கூட எடுக்காதே. அனுப்பு."

சின்னவள் அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்த அடையாளம் திரையில் வருவதற்கும் அண்ணியின் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அண்ணன்.

அண்ணி எடுத்தாள்.

"நான் கேள்விதான் கேட்டேன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு சாட்சி இருந்துச்சு. அதை ஏங்க அழிச்சீங்க?"

அவர் என்னவோ நீளமாகச் சொன்னார். சின்னவளுக்கு வார்த்தைகள் கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. முதலில் அதட்டல், அப்புறம் சமாதானம், கடைசியில் கெஞ்சல். அண்ணி குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"வீட்டுக்கு வந்து பேசலாமா? சரி, வர்றேன். அதுவரைக்கும் அந்த மாடியறையைப் பூட்டி வைங்க. தனியா வரமாட்டேன். யாரைக் கூட்டிட்டு வர்றதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

போனை வைத்துவிட்டு அவள் அப்பாவின் அறைக்குள் போனாள்.